மாதிரி எடுத்த இடம்

வாடகைக் கவுன். கழுத்துப் பட்டியில்
முன்பு உடுத்திய யாரோ ஒருத்தியின் பவுடர்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்ததால்
எம்.எல்.ஏ. வர நாற்பது நிமிடம் தாமதம்.
கூட்ஸ் வண்டிக்குக் கட்சி தெரியாது என்றாள் பெனிட்டா.
இரண்டு வரிசை சிரித்தது.

வந்தார் எத்திராசு. மாலை, சால்வை, மறுபடி சால்வை.
துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்,
எட்டாவது பெயில் என்பதை
ஓட்டுக் கேட்கும்போது மட்டும் சொல்வார்.
தாளைப் பிரித்தார்:
‘நாளைய சமுதாயத்தின் தூண்களே!’

எனக்குத் தெரிந்த தூண்கள்
கேட்டுக்குப் பக்கத்தில் பாலத்துக்காக எழுப்பியவை.
ஆறு வருடமாய் எதையும் தாங்காமல்
தலையில் துருக்கம்பியோடு நிற்கின்றன.
போஸ்டர் ஒட்டத் தோது.

மூன்றாம் பக்கத்தில் கரண்ட் போனது.
அவர் கொஞ்சம் நின்றார்.
தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.
மைக் இல்லாத குரல் சின்னது,
தண்ணி லாரி வந்துடுச்சா என்று
பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற குரல்.

‘எழில் நகர்ல தண்ணி நாறுதுன்னு மனு மேல மனு.
ஆபீசர் ஒரு ரிப்போர்ட்டு குடுத்தாரு.
ரெண்டு வருசமா பீரோவுல கெடக்குது.
இங்கிலீசு. கையெழுத்துப் போட்டேன், படிக்கல.
யாராவது வந்து படிச்சுச் சொல்லுங்கப்பா.
சமுதாயத்த அப்பறம் பாத்துக்கலாம்.’

கரண்ட் வந்தது. மைக் கீச்சிட்டது.
மறுபடி தூண்களோடு பேசப் போய்விட்டார்.

திங்கட்கிழமை போனோம்.
முன்னூறு பேரில் நானும் ஷகிலாவும்.
நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அறுபத்தொரு சதவீதம்.
பதினேழு பக்கம்:
இரும்பு, எண்ணெய், அம்மோனியா
எல்லாம் அளவுக்குள். எல்லாம் குடிக்க உகந்தது.
வீட்டில் அண்ணி தேய்த்துத் தேய்த்தும்
குடத்தின் மஞ்சள் போனதில்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்,
மாதிரி எடுத்த இடம்.
நான் நிறுத்தினேன்.
‘படிம்மா.’
படித்தேன்.
அது அவர் வீட்டு முகவரி.

வெளியே கண்டெய்னர் லாரிகள்
ஒன்றன் பின் ஒன்றாய் ஹார்ன் அடித்தன.
டீயில் ஆடை படியும்வரை பேசவில்லை.
கோபப்படுவார் என்று நினைத்தேன்,
யார்மேல் என்றுதான் தெரியவில்லை.
‘இப்போ என்னம்மா செய்யணும்?’

‘கழுவின பாட்டில் பன்னிரண்டு.
தெருவுக்கு ஒன்று.
உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.’

ஷகிலா அதற்குள்
பட்டமளிப்பு நோட்டீஸை, அவர் படம் போட்டதைத்தான்,
பன்னிரண்டு துண்டாய்க் கிழித்து
பின்பக்கத்தில் தெருப்பெயர்களை
எழுத ஆரம்பித்திருந்தாள்.