இருபத்தெட்டுப் பவுண்டு

சகாட்டாவில் பனி விழுந்துவிட்டால்
என் கடைக் கதவு உதைத்தால்தான் திறக்கும்.
அவள் உதை எனக்குத் தெரியும்.
இடது காலால், இரண்டு தரம்.

ஓரிஹாரா சினாமி.
கூட்டுறவு வங்கியின் அணி, மகளிர் ஒற்றையர்.
மதியம்வரை கவுன்ட்டரில் முத்திரை குத்துவாள்,
பிறகு பயிற்சிக் கூடம்.
பதினொரு வருடம்
அவள் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டியவன் நான்.

அவள் ஆடி நான் நேரில் பார்த்தது மூன்று முறை.
மற்றதெல்லாம்
அறுந்த நரம்பில் படித்தது.

பத்தொன்பது வயதில்
நடுவிலிருந்து இரண்டு விரற்கடை மேலே அறும்.
பந்து இறங்கட்டும் என்று காத்திராதவள்.
எட்டிப் போய்ப் பிடுங்குகிறவள்.
வாரத்துக்கு நான்கு ராக்கெட், ஒரே துணிப்பையில்,
முள்ளங்கி வாங்கி வருகிறவள்போலக்
கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க.

இருபத்தைந்து என்பாள். அடுத்த வருடம் இருபத்தாறு.
ஜகார்த்தாவில் கால் இறுதிவரை போன வருடம்
இருபத்தெட்டு.
அவ்வளவு முறுக்கினால் வலை பலகையாகிவிடும்.
தப்பாகத் தொட்டால் பந்து செத்து விழும்;
சரியாகத் தொட்டால்
கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

உலகத் தரவரிசை இருபத்து மூன்று.
அதற்கு மேல் போகவில்லை.
இதைப் பேசும்போது எல்லோரும்
"ஆனால்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.
மீன்கடைக்காரரும் ஆரம்பித்தார்.
முழுதும் கேட்டுவிட்டு
இரண்டு கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு போனாள்.

ஓடென்ஸேயில் இடது முழங்கால் போயிற்று.
மூன்றாவது ஆட்டம்,
பத்தொன்பதுக்குப் பதினேழு, இவள் முன்னால்.
நான் தொலைக்காட்சியின் ஒலியை அணைத்து வைத்திருந்தேன்.
பின்மூலைக்குத் தாவியவள் இறங்கிய விதம்...
வாயைத் திறந்தாள், அவ்வளவுதான்.
அந்த இறகுப்பந்து
கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியேயா
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பது மாதம் கதவை யாரும் உதைக்கவில்லை.

திரும்பி வந்தபின் நரம்பு வேறிடத்தில் அறுந்தது.
கீழே, ஓரத்தில்.
ஓர் எட்டு தாமதமாகப் போய்ச் சேர்கிறவளின் இடம்.
பழைய வேகம் முழுதாக வந்துவிட்டது என்று
பயிற்சியாளர் மொரிகாவா நாளிதழில் சொல்லியிருந்தார்.
ராக்கெட்டை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
சட்டத்தையொட்டிச் சிலும்பல்.
நாளிதழை மடித்து அதன்மேல் பசை டப்பாவை வைத்தேன்.

பிறகொரு மார்ச்சில்
கதவைக் கையால் தள்ளித் திறந்தாள்.
"இருபத்து நான்கு போதும்."
கைமாற்று கேட்கிற குரல்.
நான் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணை எழுதிக்கொண்டேன்.
விலகல் கடிதம் சங்கத்துக்குப் போனது ஜூனில்.
எனக்கு மூன்று மாதம் முன்பே வந்துவிட்டது.

இப்போது நாள் முழுக்கக் கவுன்ட்டர்.
நான் பணம் கட்டப் போகையில்
நோட்டுகளை விசிறியாக விரித்து எண்ணுகிறாள்.
மணிக்கட்டு மட்டும்
இன்னும் தேவைக்கு மேல் வேகமாகத் திரும்புகிறது.

போன வாரம் ஒரு ராக்கெட்டோடு வந்தாள்.
ஜகார்த்தாவில் ஆடியது. வண்ணம் உரிந்திருந்தது.
"இருபத்தெட்டு."
"ஆடப் போகிறாயா?"
"இல்லை."

பழைய சட்டம் தாங்காது.
முறுக்க முறுக்க, இருபத்தாறில் ஒரு முனகல்;
நிறுத்திவிட்டேன்.
சீட்டில் இருபத்தெட்டு என்று எழுதினேன்.
இத்தனை வருடத்தில் சீட்டில் நான் எழுதிய ஒரே பொய்.

உள்ளங்கையின் அடியால் வலையைத் தட்டினாள்.
தெருவில் பனி வாரும் வண்டி போய்க்கொண்டிருந்தது.
அது கடக்கட்டும் என்று நின்றாள்.
காதருகே வைத்து இன்னொரு தட்டு.

"இருபத்தாறு."

பிறகு நான் தந்த சில்லறையை
என் முன்னாலேயே இரண்டு தரம் எண்ணினாள்,
இவனை இனி நம்புவதற்கில்லை என்பதுபோல,
சிரிக்காமல்.

கதவை வலது காலால் உதைத்தாள்.
பழக்கமில்லாத கால்.
நான்கு தரம் உதைக்க வேண்டியிருந்தது.