முறைக்காய்ச்சல்

இரவு முறை எனக்கு.
வில்ஹெல்ம்ஸ்ஹாவன். துறைமுகத்துக் காற்று
ஆய்வுகூடத்து யன்னலைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது.
இரண்டே காலுக்கு வந்தது
அவசரம் என்று சிவப்பு ஒட்டிய இரத்தம்.

பெயர் கிஃப்லோம் தெவோல்டே.
பிறந்த நாள் ஜனவரி ஒன்று,
எல்லையில் நின்றவர்களில் பாதிப்பேர்
பதிவேட்டில் பிறந்த அதே நாள்.
பெயரை எங்கோ பார்த்திருக்கிறேன்.

ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்து,
உலரவிட்டு, ஊதாச் சாயத்தில் ஊறவைத்து,
எண்ணெய் வில்லையைத் தாழ்த்தினேன்.
முப்பது புலம் வெறும் சிவப்பு.
அடுத்ததில்
ஒரு அணு மட்டும் அயலவரைவிடப் பருத்து,
வெளிறி,
அம்மை போட்ட முகமாய்ப் புள்ளி புள்ளியாக.
உள்ளே கையும் காலும் நீட்டிச்
சோம்பல் முறிக்கிறது வைவாக்ஸ்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சல்.
அதுவும் என்னைப்போல
முறை வைத்துத்தான் வேலை செய்கிறது.

சேர்க்கைத் தாளில் தாதி எழுதியிருந்தாள்:
மீன் பொதியிடும் ஆலை, வேலை போய்விட்டது.
திங்கள் சுகமில்லை.
செவ்வாய் வந்தான், பெட்டி தூக்கினான், சிரித்தான்.
புதன் சுகமில்லை.
நாள் பார்த்து நடுங்குகிறவனை
எந்த மேலாளர் நம்புவார்?

இந்த ஊருக்கு இது புதிதல்ல.
துறைமுகம் தோண்டக் கூலிக்கு வந்தவர்கள்
சதுப்புச் சேற்றில் மண்வெட்டியோடு நின்று
இப்படித்தான் நடுங்கினார்கள்.
அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை.
கரையோரப் புல்லில் நுளம்பு இன்னும் உண்டு.
காய்ச்சலைத்தான் மறந்துவிட்டது.

கணினியில் பெயரைத் தட்டினேன்.
மார்ச் மாதம். இதே ஆள், இதே புள்ளிகள்,
கீழே என் கையொப்பம்.

அன்றைக்கு இரத்தத்தைத் துடைத்தார்கள், மூன்று நாள் குளிசை.
ஈரலைத் துடைக்கவில்லை.
ஈரலுக்கான குளிசை சிலருடைய சிவப்பணுக்களை உடைத்துவிடும்,
முதலில் ஒரு நொதியைப் பார்க்கவேண்டும்.
இரத்தம் ஹம்பேர்க் போனது.
முடிவும் வந்தது: நொதி போதிய அளவு.
அதற்குள் அவனை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள்.
கடிதம் திரும்பி வந்தது,
இம்முகவரியில் இல்லை என்று.

ஓராண்டில் மூன்று முகவரி அவனுக்கு.
உள்ளே உறங்கியதற்கு ஒன்றே ஒன்று:
ஈரக்குலை, வலது விலாவுக்குள்.
வாடகை இல்லை. விசா இல்லை.

மூன்று மணிக்கு வார்டுக்கு அடித்தேன்.
டாக்டர் டியார்க்ஸின் குரலில் தலையணை இருந்தது.
வைவாக்ஸா, சரி, காலையில் பார்ப்போம் என்றார்.
மார்ச்சிலும் வைவாக்ஸ்,
நொதி முடிவு நான்கு மாதமாய் இங்கே கிடக்கிறது,
ஈரலுக்குக் கொடுங்கள் என்றேன்.
அதைச் சொல்வது என் வேலை அல்ல.
இருப்பில் இல்லை, வெளிநாட்டிலிருந்து எடுக்கவேண்டும் என்றார்.
எடுங்கள் என்றேன்.
கோபத்தில் என் ஜேர்மன் வினைச்சொற்கள்
வரிசை குலைந்து ஓடும். அவருக்கு விளங்கியது.

பதினான்கு நாள், சாப்பாட்டோடு.
முழுவதும் விழுங்கினானா தெரியாது.
அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.
நாலாம் நாளே சுகமானவனுக்கு
மீதிப் பத்துக் குளிசையும் பொய் மாதிரித் தோன்றும்.

ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு துளி வந்தது.
இருநூறு புலம் தேடினேன்,
கண் கடுத்தது, மறுபடி முதலிலிருந்து தேடினேன்.

படிவத்தில் 'இல்லை' என்று எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.
'காணவில்லை' என்றுதான் எழுதலாம்.
எழுதிவிட்டுப் பேனையை மூடாமல் இருந்தேன்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லின் கீழே
ஒரு படம் இருக்கும்,
படத்தைப் பிடித்தபடி வெயிலில் ஒரு தாய் இருப்பாள்.

இது வேறு காணவில்லை.
இதற்குச் சந்தோசப்படலாம்.

முறை மாற்ற வந்த ஆன்ட்யே
கோட்டைக் கொளுவிக்கொண்டே கேட்டாள்,
இரவு ஏதும் இருந்ததா?
நான் பார்த்த இருநூறில் இல்லை, என்றேன்.