மூன்று சொட்டு

குவைத்திலிருந்து கலியமூர்த்தி
கொண்டுவந்தது இரண்டு போர்வை,
ஒரு மிக்சி,
விரல் நீளத்தில் ஒரு கருவி.
இழுத்தால் அதன் நுனியில்
அயிரை மீன் கண்ணளவு
நீலம் மினுங்கும்.

இங்கே அதை விற்கக் கூடாதாம்.
அதனால் திரவத்தைத் தானே கலக்கிறார்,
மேலக்காவேரி வாடகை மாடியில்,
பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு
கதவைச் சாத்திக்கொண்டு.
ஊசியில்லாத சிரிஞ்சு, கிளிசரின்,
பழுப்புக் குப்பிகள்.
குப்பிக்குக் குப்பி பிளாஸ்திரி ஒட்டித்
தேதி, அளவு.
கல்யாணத் தேதியைக்கூட
இவ்வளவு சுத்தமாக எழுதிவைத்ததில்லை.

மாம்பழம் என்று நீட்டினார்.
முகர்ந்தேன். துணிசோப்பு.
"பத்துச் சொட்டுக்கும் ஏற மாட்டேங்குது"
என்று பதினைந்தாக்கினார்.
இப்போது மாமரத்தில்
துணிசோப்பு காய்த்திருந்தது.

நான் சீவல் கம்பெனியில் வாசனைப் பிரிவு.
பதினோரு வருஷம்.
கிராம்பு, ஏலம், பச்சைக்கற்பூரம், ரோஜா எசென்ஸ்.
குன்றிமணி கூடினாலும்
ஒரு மூட்டை குப்பைக்குப் போகும்.
முதலாளிக்கு வருஷம் முழுக்கச் சளி.
சம்பளம் என் கைக்கு வருகிறது,
உழைப்பது மூக்கு.
அது கற்ற பாடம் ஒன்றுதான்:
போதும் என்று தோன்றுவதற்கு
ஒரு சொட்டு முன்னால் நிறுத்து.

"மூணு சொட்டு. குலுக்கு.
அரிசி டிரம்மில் புதைச்சு வை.
பதினஞ்சு நாள் தொடாதே."
பதினஞ்சா, என்றார்.
நாலாம் நாள் டிரம்மில்
முழங்கை வரை கைவிட்டுத் துழாவினார்.
அரிசி தரையெல்லாம்.
"ஒண்ணுமே இல்ல, வெறும் ஆவி."
எனக்கோ அறை முழுக்க
ருமானி வாசம்,
காம்புப் பால்கூடக் கொஞ்சம்.

அன்று ராத்திரி சாம்பார் ஊசிப்போயிருந்தது.
முதல் வாயிலேயே எழுந்துவிட்டேன்.
அவர் கைபேசியைப் பார்த்தபடி
உப்பைத் தூவிக்கொண்டு
இன்னொரு கரண்டி கேட்டார்.

கரண்டியோடு நின்றேன்.
எத்தனை வருஷமாக இந்த மனுஷன்
என் சமையலை
நல்லாருக்கு என்று சொல்லிவந்தார்?

மண்டையோடு போட்ட குட்டிக் குப்பி ஒன்று உண்டு.
தோலில் பட்டால் ஆகாது என்று
கையுறை மாட்டி எடுப்பார்.
நிகோடின்.
மிளகை அரைத்துத் தொண்டையில் அப்பியது மாதிரி.
அந்தக் காரத்துக்குக் கீழே
எந்த மாம்பழம் தலைதூக்கும்?

கலப்பதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.
சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்.
பிளாஸ்திரியில் பன்னிரண்டு என்று எழுதினேன்.
உள்ளே ஒன்பது.
அடுத்ததிலும் பன்னிரண்டு என்றே எழுதினேன்.
உள்ளே ஆறு.
பொய்தான். தெரிந்தே சொன்ன பொய்.
கம்பெனியில் இதைச் செய்தால்
அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தபோது
உள்ளே மூன்று.
எரிச்சலாக இருந்தார்,
பிள்ளையைக் காரணமில்லாமல் அதட்டினார்,
டபீர் தெரு வரை நடந்துபோய்
வெறுங்கையோடு திரும்பினார்.
ஆனாலும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"இப்பத்தான்டி கை வந்திருக்கு உனக்கு."

நேற்றுச் சாயங்காலம்
மாடிப்படியில் பாதியிலேயே நின்று
முகத்தைச் சுளித்தார்.
"யார் வீட்டில் கருவாடு?"
மூன்று வீடு தள்ளி. நெத்திலி.
எனக்கே அப்போதுதான் எட்டியது.
அவர் நின்ற இடத்திலேயே நின்றார்,
மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு,
ஏதோ களவுபோன பொருள்
வாசலில் கிடந்ததுபோல.

காலையில் அரிசி அளக்க டிரம்மைத் திறந்தேன்.
புதுக் குப்பியின் பிளாஸ்திரியில்
என் பன்னிரண்டை
ஒரே கோட்டில் அடித்திருந்தார்.
பக்கத்தில் எண் எதுவும் எழுதவில்லை.
பேனாவை மட்டும்
மூடியின் மேல் விட்டுப் போயிருந்தார்.