சட்டம்

வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தால்
தினமும் முன்பள்ளி போகிறவனுக்கு
கடல் என்றால்
ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பது.
காரைநகர் கசூரினாவில் இறக்கிவிட்டபோது
மணலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்,
"மற்றக் கடல் எங்கை?"
சவுக்குகளுக்குப் பின்னால் எங்கள் ஓட்டோ மட்டும் நின்றது.
அரைவாசிக் கடலில் கால் நனைக்கமாட்டேன் என்று
நின்றுவிட்டான்.

சாருகனுக்கு மூன்றே முக்கால் வயது.
நாய்க்கும் ஆட்டுக்கும் பொதுவாய்
ஒரு சொல் வைத்திருந்தான் முன்னர்.
என் சேலைத்தலைப்பை ஒன்று மென்று தின்ற நாளில்
அந்தச் சொல்லை இரண்டாய்ப் பிளந்தான்.
நான் திருத்தவில்லை.
ஆடு திருத்தியது.

படங்களுக்கும் ஒரு சட்டம் கண்டுபிடித்திருக்கிறான்,
எப்போதென்று தெரியாது.
சோறு தீத்தும்போது சொன்னான்:
"பூப் போட்ட ஆக்கள் கதைக்கமாட்டினம்.
பூப் போடாத ஆக்கள் கதைப்பினம்."

சரிதான்.
என் அப்பாவின் படத்தில் பிளாஸ்டிக் மல்லிகை,
சிவப்பு மின்குமிழ். கதைக்கமாட்டார்.
ஸ்காபரோ மாமாவுக்குப் பூவில்லை;
ஞாயிறு தவறாமல் போனுக்குள் வந்து
"மருமோன், என்ன சாப்பிட்டனீ?"
சில நேரம் வாய் திறந்தபடி உறைந்துபோவார்.
பொறுத்தால் திரும்ப அசைவார்.
பொறுக்கத் தெரியும் இவனுக்கு.

அலுமாரிக்கு மேலே மற்ற மாமா.
என் தம்பி.
அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்த படம்,
இரண்டு காதும் தெரியவேண்டுமென்று
நிமிர்ந்து இருக்கிறான்.
வட்டுவாகலில் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் உண்டு.
அதற்குப் பிறகு
கண்டவர்கள் இல்லை.
அந்தப் படத்துக்கு வீட்டில் எவரும் பூப் போட்டதில்லை,
போடக்கூடாது என்று எவரும் சொன்னதுமில்லை.
பதினைந்து வருடம் வாய் திறக்காமல் நாங்கள் நடத்தியதை
இவன் பார்த்தே படித்துவிட்டான்.

நேற்றுக் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி
படத்தை இறக்கியிருக்கிறான்.
குசினியால் வந்து பார்க்கிறேன்:
சுவரோரம் பிளக்கடியில் சாய்த்துவைத்து
என் சார்ஜர் வயரின் நுனியை
மரச்சட்டத்தின் கீழ் விளிம்பில்
செருக இடம் தேடிக்கொண்டிருக்கிறான்.

"மாமாவுக்குச் சார்ஜ் இல்லை, அம்மா."

கண்ணாடி உடைஞ்சிடும், கொண்டா என்று
கை நீட்டினேன்.
"நீங்கள் இன்னும் சுவிச்சுப் போடேல்லை."

போட்டேன்.
அடுப்பில் சோறு
குழைந்துகொண்டிருந்தது.