நாலாவது கிண்ணம்

வால்டோஸ்டாவில் நவம்பரின் நாலாம் வியாழன்.
மேசையில் நாலு கிண்ணம்,
நாலுக்கும் ஒரே பேர்: அம்ப்ரோசியா.

வெர்லீன் புளித்த கிரீம்தான் போடுவாள்.
ஓப்பலுக்கு மார்ஷ்மெல்லோ இல்லாமல் விருந்தே கிடையாது;
பிள்ளைகள் அதைப் பொறுக்கித் தின்று
பழத்தை விட்டுவிடும்.
"ஆரஞ்சு, தேங்காய்த் துருவல்,
மிச்சமெல்லாம் கலப்படம்"
என்று வருஷா வருஷம் சொல்லும் மார்வின் தட்டில்
எல்லாவற்றிலும் ஒரு கரண்டி.

நான் திராட்சை போட்டேன்,
பெக்கான் பருப்பை வறுத்துப் போட்டேன்.
ஹாய்ட் வாயாரப் புகழ்ந்தான்.
இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளவில்லை.

நாலாவது, கொரீனுடையது.
அவள் ஹாய்ட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம்.
கிண்ணம் மட்டும் மகன் கையில் தவறாமல் வருகிறது,
மூடியில் அவள் பேர் எழுதிய டேப்போடு.
முதலில் காலியாவதும் அதுதான்.

இரவு, பாத்திரம் கழுவ நின்றபோது
அதன் ஓரத்தை விரலால் வழித்தேன்.
அன்னாசி. கிரீம். வேறென்னவோ.
இன்னொரு தடவை வழித்தேன்.

உப்பு.
ஒரே ஒரு சிட்டிகை.

உப்பிட்டவளை
இந்த வீடு எப்படி மறக்கும்?

டேப் நனையாமல் மூடியைத் துடைத்தேன்.
வெறும் கிண்ணமாய்த் திருப்பக் கூடாதே,
மிஞ்சிய என்னுடையதை அதில் நிரப்பினேன்,
உப்புப் போடாமல்.