முப்பத்துநான்கு பல்

ஞாயிறு போட்டி.
காசல்ரீ நீரில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல்,
நோர்வூட், பொகவந்தலாவை என்று ஏறி இறங்கி
நாற்பது கிலோமீட்டர் சைக்கிள்,
பிறகு, கால் மிச்சமிருந்தால், பத்து கிலோமீட்டர் ஓட்டம்.
இன்று வியாழன்.
சக்கரம் இன்னும் முடிவாகவில்லை.

மிலிந்த கொழும்பிலிருந்து அனுப்பிய ஜோடி
பஸ்ஸில் தனி இருக்கையில்
டிக்கெட் எடுத்து வந்தது.
கார்பன். கறுப்பு. நாலு விரல் ஆழ ரிம்.
சும்மா சுழற்றினாலே
தூரத்தில் லொறி வருவதுபோல் ஒரு முழக்கம்.
என்னுடையது அலுமினியம்,
தட்டை, சத்தமில்லை.
ஒரு கம்பிக்குப் பக்கத்தில் சின்ன நெளிவு,
திம்புள்ளைப் பாதையின் குழி போட்ட கையெழுத்து.

எது பாரம் குறைவு?
ரிஸ்மி கடைத் தராசு பழுது.
இரண்டையும் டயரோடு தோளில் மாட்டிக்கொண்டு
கொழுந்து மடுவத்துக்குப் போனேன்.
மத்தியான நிறுவை முடிந்து
வரிசை இன்னும் கலையாத நேரம்.
சாக்குத் தொங்கும் கொக்கியில் கார்பன் தொங்கியது.
இரண்டு கிலோ.
இறக்கிவிட்டு அலுமினியம்.
இரண்டு கிலோ.
காலும் அரையும் அந்தத் தராசுக்குக் கண் தெரியாது.
"எங்களுக்கும் அப்படித்தான்" என்றாள் யோகமலர்.
"அந்த அரைக்கிலோ எல்லாம் எங்க போகுதுன்னு
ஒரு நாள் சைக்கிள்ல தொரத்திப் பாத்துட்டு வா."
வரிசை முழுக்கச் சிரிப்பு.
கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.
ஈரக் கழிவு, சாக்குக் கழிவு என்று பழகிய பேனா
சக்கரத்துக்கும் ஒரு கிலோ கழிக்கத்
தானாக எழுந்து, பாதியில் நின்றது.

வெள்ளி, விடியுமுன் கார்பனைப் பூட்டிப் போனேன்.
மட்டப் பாதையில் சொர்க்கம். அதை மறுக்க மாட்டேன்.
ஆனால் இந்தப் பக்கம் மட்டப் பாதை
இருநூறு மீட்டருக்கு மேல் நீளாது.
அணைக்கட்டின் மேல் நீரிலிருந்து எழுந்த காற்று
ரிம்மைப் பிடித்து
என்னை ஒரு முழம் நடுரோட்டுக்கு நகர்த்தி வைத்தது.
இறக்கத்தில் தூறல்.
பிரேக் பிடித்தேன்.
கார்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.
அந்த யோசனையின் நீளம் ஒரு பஸ்.
டிரைவர் திட்டியது சிங்களத்தில்.
மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அடுத்தது கியர்.
பின்னால் இருந்தது இருபத்தெட்டுப் பல்.
"முப்பத்துநாலா? அது கிழவர்களுக்கு" என்பான் மிலிந்த.
அவனுக்குத் தெரிந்த ஏற்றம் களனிப் பாலம்.
ரிஸ்மியிடம் சொன்னேன்.
"வெக்கமா இருந்தா மேல ஒரு துணியப் போட்டு மூடுங்க,
முழங்காலுக்குப் பல்லை எண்ணத் தெரியாது."
கியர் மாற்றும் கை குட்டை, நீளமானது வேண்டும்.
செயின் பத்தாது, கண்ணி கூட்ட வேண்டும்.
அவனுடைய பழைய பெட்டிக்குள்
மூன்று தேநீர் ஆறும்வரை துழாவி
எல்லாம் கிடைத்தது. விலைதான் கசந்தது.

முன்னால் முப்பத்துநான்கு,
பின்னால் முப்பத்துநான்கு.
ஒரு மிதிக்கு ஒரு சுற்று.
கழிவு பிடிக்காத கணக்கு.
கடைக்குள்ளேயே, சைக்கிளைத் தொங்கவிட்டு,
கையால் பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரிஸ்மி கதவு சாத்த வந்து நின்றான்.

ஆழ ரிம் இரண்டையும் போர்வையில் சுற்றி
கட்டிலடியில் தள்ளினேன்.
படுக்குமுன் ஒன்றை வெளியே எடுத்து
ஒரே ஒரு தடவை சுழற்றினேன்.
லொறி வந்து, போய்,
அறை மறுபடி அமைதியானது.

சனி மாலை, லயத்துக்கு மேலே
கொண்டை ஊசியாக வளையும் ஏற்றம்.
செயின் கடைசிப் பல்லில் ஏறி உட்கார்ந்தது.
முந்திப்போன ஆட்டோவும் முனகியது.
கிரிக்கெட் மட்டையோடு ஒரு பையன்
பக்கத்திலேயே நடந்து வந்தான், அவசரப்படாமல்.
"அண்ணே, எறங்கித் தள்ளுனா சீக்கிரமாப் போயிரலாம்."
பதில் சொல்ல மூச்சில்லை.
மிதித்தேன். ஒன்று.
இன்னும் ஒன்று.
வளைவு நிமிர்கிற இடத்தில் விரல்
எனக்குத் தெரியாமல் லீவரை அழுத்திப் பார்த்தது,
முப்பத்தைந்தாவது இருக்கிறதா என்று.