நாலாவது தெறி

காலை ஆறு இருபதுக்குக் கம்பனி பஸ்
மாயவனூர்ச் சந்தியில் நிற்கும்.
ஏழரைக்கு என் காலடியில் மெசின்.
மணித்தியாலத்துக்கு நூற்றிநாற்பது சேட்டு,
சேட்டொன்றுக்கு ஏழு தெறி.
பெருக்கிப் பார்க்க நேரமில்லை.
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
எவனோ கண்ணாடி பாராமலே
அவற்றைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவான்.

என் மகன் லதுசனுக்கு
ஆறு வயதாகப் போகிறது.
ஒரு தெறி பூட்டத் தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்த கிழமையே
பமிலா ரீச்சர் கூப்பிட்டனுப்பினா.
"பென்சிலை உலக்கை மாதிரிப் பிடிக்கிறான்.
ஒற்றைக் காலில நில்லெண்டால் சுவரைத் தேடுறான்.
பந்தெறிஞ்சால் கண்ணைப் பொத்துறான்."
குறையாகச் சொல்லவில்லை.
"இவன் மட்டுமில்லை, வகுப்பில இருபத்திரண்டு,
அதில பதினேழு இப்பிடித்தான்" என்று
தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

கொப்பியை விரித்தேன்.
'அ'வுக்குத் தொடங்கிய சுழி
பக்கத்தை விட்டு எங்கோ போயிருந்தது.

மூன்றரை வயதில் அவனை உள்ளே வைத்தோம்.
வட்டக்கச்சியில், வீட்டுத்திட்ட வீட்டில்,
பூசாத சுவர் நாலுக்குள்.
ஊரடங்கு என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி போனது.
முற்றம் இருந்ததுதானே என்று கேட்பீர்கள்.
இருந்தது.
எங்கள் லைனில் ஒருத்திக்குக் காய்ச்சல்,
பிறகு லைனுக்கே.
படலையில் தாள் ஒட்டிவிட்டுப் போனார் பி.எச்.ஐ.
பதினான்கு நாள். பின்னும் பதினான்கு.
மழை தாளைக் கழுவிய பிறகும்
நான் படலையைத் திறக்கவில்லை.

அவன் அப்பா கட்டாரில் அடைபட்டிருந்தார்.
அப்பா போனுக்குள், பாட்டு போனுக்குள்,
சோறும் போனைப் பார்த்தபடியே இறங்கியது.
பெருவிரல் ஒன்று மட்டும் வளர்ந்து கெட்டிக்காரனானது.
வாய்க்கால் நாற்பது யார் தூரத்தில்
தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் வயதில் எனக்கு
வீரை மரம் ஏறத் தெரியும்.
தலையில் பாயும் இடுப்பில் தம்பியுமாய்
நடக்கத் தெரியும்.
கிபிர் சத்தம் கேட்டால்
மூன்றே எட்டில் பங்கருக்குள் பாயத் தெரியும்.
இவற்றையெல்லாம் எந்த ரீச்சரும்
அட்டையில் குறித்துவைக்கவில்லை.
இவனுக்கு அந்தப் பாய்ச்சல் வேண்டாமென்றுதான்
கடன்பட்டு இந்த வீட்டைக் கட்டினோம்.
கட்டியது சரி.
கதவு கொஞ்சம் நன்றாகவே பூட்டிக்கொண்டது.

ஆனி மாதம் டீசல் இல்லை.
பஸ் வரவில்லை, பள்ளிக்கூடமும் இல்லை.
காலைச் சாப்பாடு பாணா பட்டினியா என்று
யோசித்தபடி அவனைக் கூட்டிக்கொண்டு
வாய்க்கால் கட்டுக்குப் போனேன்.
சிறுபோகத் தண்ணி, இரணைமடு நிறத்தில்.
பக்கத்து வளவுச் சாதுரியா
இக்கரை அக்கரையாய்ப் பாய்ந்துகொண்டிருந்தாள்.
லதுசன் பார்த்தான்.
பிறகு குந்தினான்.
குந்திக் குந்தி நகர்ந்து
ஒரு காலை நீட்டி
அப்படியே உள்ளே விழுந்தான்.

முழங்காலளவுதான் தண்ணி.
நான் ஓடவில்லை.
ஏன் ஓடவில்லை என்று இன்னும் எனக்குத் தெரியாது.

எழும்பி நின்றான், சேறும் அவனுமாய்.
மேலோடு ஒட்டிய பள்ளிச்சேட்டு அவனுக்குக் குளிர்ந்தது.
முதலாம் தெறி கழன்றது.
இரண்டாவதற்கு நாக்கைக் கடித்தான்.
மூன்று.
நாலாவது அசையவில்லை.
என் கை தானாகவே முன்னால் போனது,
எட்டு வருடப் பழக்கம்.
பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டேன்.
அவன் பிடித்திழுத்தான்.
தெறி தெறித்தது.

"அம்மா, பறந்திட்டுது!"

குனிந்து தேடினான்.
ஒரு நத்தை வந்தது, ஒரு கிரவல் கல்,
யாரோ எறிந்த சோடா மூடி.
ஒவ்வொன்றையும் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில்
நுள்ளி எடுத்து, எனக்குக் காட்டி,
கட்டில் வைத்தான்.
தெறி மட்டும் கிடைக்கவில்லை.

பஸ் இப்போது ஓடுகிறது.
'அ' இன்னும் கோணல்தான்.
வாய்க்காலை அவன் பாய்வதில்லை,
இறங்கித்தான் கடக்கிறான்.
அந்தச் சேட்டில் நாலாவது இடம் வெறுமையாய் இருக்கிறது.
தைத்துவிடச் சொல்லி ரீச்சர் இரண்டு தரம் சொல்லிவிட்டா.
நேரமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்,
ஒரு மணித்தியாலத்தில் நூற்றிநாற்பது சேட்டுக்குத்
தெறி தைக்கிற நான்.